உள்ளேன் அம்மா

பொருளியல் முதலாண்டு படிக்கும் மங்களேஸ்வரி, நூலகத்தில் கிடைத்த தடித்த புத்தகம் ஒன்றில் அப்ஜெக்டிவிசம் என்ற தத்துவத்தைப் படித்ததிலிருந்து விடுதியின் சாப்பாட்டு வரிசையில்கூட வாதாடினாள். தன்னலம் தப்பில்லை, அரசாங்கம் சந்தையில் கை வைக்கக் கூடாது, இருக்கிற பொருள் யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இருக்கும்.

"அப்போ ஒருநாள் பூரா உன்னை யாருமே பாக்கலைன்னா?" என்றாள் அறைத்தோழி ஜெபராணி.

"பாக்காதீங்களேன். கரைஞ்சா போயிருவேன்?"

"அப்புறம் அழுதுட்டு வந்து நிக்கக் கூடாது, ஆமா."

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குப் பந்தயம் தொடங்கியது. மாலை ஆறு மணி வருகைப்பதிவில் அவள் 'உள்ளேன்' சொன்னதும் முடியும் என்று பேச்சு. விடுதியின் மற்ற நாற்பது பெண்களும் அவளைப் பார்ப்பதில்லை என்று சொன்ன சொல் தவறவில்லை. மதியம் அவள் தட்டை நீட்டியபோது, பந்தயமே தெரியாத சமையற்கார அக்கா பின்னால் நின்றவளுக்குச் சோறு போட்டார். மூன்று மணிக்கு, "போதும்டி, நான் தோத்துட்டேன்" என்று ஜெபராணியின் தோளைத் தொட்டாள். ஜெபராணி கொசுவை ஓட்டுவதுபோல் தோளைத் தட்டிவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்கு எல்லோரும் கூடத்தில் அமர்ந்தார்கள். மங்களேஸ்வரி முன்வரிசையில், ஜெபராணிக்குப் பக்கத்தில் இருந்தாள். வார்டன் அம்மா பெயர்களை வாசித்தார்.

"மங்களேஸ்வரி."

அவள் வாய் திறப்பதற்குள், கடைசி வரிசையிலிருந்து அவளுடைய குரலே "உள்ளேன் அம்மா" என்றது.

வார்டன் அம்மா நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்துவிட்டு டிக் அடித்தார். ஜெபராணி பின்னால் திரும்பி, "ஏ புள்ள, ஜெயிச்சுட்டியே!" என்று கத்தினாள்.

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். மங்களேஸ்வரி மட்டும் திரும்பவில்லை.