மூன்று விரல்

அவள் மறுபடியும் எறிந்தாள்.

பந்து வளையத்தின் பின்விளிம்பில் இடித்து வெளியே வந்தது.

பத்தாவது தடவை.

மழை விட்டு அரை மணி ஆகிறது. கூடைப்பந்துக் களத்தில் அங்கங்கே தண்ணீர். மற்ற பெண்களெல்லாம் விடுதிக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் கிழக்கு வளையத்துக்கு எதிரே நிற்கிறாள். தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்கிறாள்.

கையில் குற்றமில்லை. அது எனக்குத் தெரியும்.

இந்தப் பல்கலைக்கழக மைதானத்தில் நான் மார்க்கர். கோடு போடுவது, வலை கட்டுவது, தேங்கிய தண்ணீரைத் தள்ளுவது. ஓய்வு கொடுத்த பிறகும் தினக்கூலிக்கு வைத்திருக்கிறார்கள். நாளைக்கே வராதே என்றாலும் கேட்க நாதியில்லை.

தண்ணீரைத் தள்ளிக்கொண்டே களத்தை ஒட்டிய அறையின் ஜன்னலோரம் வந்தேன். உள்ளே தேர்வுக்குழு. மூன்று பேர்.

பல்கலைக்கழக அணிக்குப் பன்னிரண்டு பெண்கள் வேண்டும். பதினோரு பெயர் எழுதியாயிற்று. கடைசி இடத்துக்கு மேற்கு மண்டலக் கல்லூரிகளிலிருந்து ஒருத்தி. தெற்கு மண்டலத்திலிருந்து இவள், இசக்கி. இரண்டு பேரும் ஒரே தரம். அப்படி வந்தால் எந்த மண்டலம் பலமோ அதற்குத்தான் இடம். இப்படி ஒரு வழக்கம். எவன் கண்டுபிடித்தானோ.

இவளுக்கு இது கடைசி வருஷம். அணியில் பெயர் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப் போடலாம். வராவிட்டால் ஒன்றுமில்லை.

"எங்க மண்டலத்துப் புள்ளைங்க ஒவ்வொண்ணும் சிங்கமுங்க. உங்க புள்ளைங்க பந்து வந்தா கும்புடு போடுதுங்க."

நஞ்சப்பன் சார். மேற்குக்காரர்.

"எது, போன வருசம் எங்ககிட்ட பதினெட்டுப் பாயிண்டுல தோத்துட்டு பஸ்ஸுல அழுதுகிட்டே போச்சே, அந்தச் சிங்கமா வே?"

ஆவுடையப்பன் சார். தெற்கு.

"போன வருசத்த உடுங்க. இன்னைக்கு பைனல்ல பாத்தமல்லங்க. பாதி ஆட்டத்துல முப்பத்தெட்டு, இருபத்தொண்ணு. மழை வந்து உங்க மானத்தக் காப்பாத்துச்சு."



ரெஜினா மேடம் பேனா மூடியைக் கழற்றினார். குழுவுக்கு அவர்தான் தலைவர்.

படித்தவர்கள் எண்ணை நம்புவார்கள். அது எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்கள்.

பாதி ஆட்டம்வரை ஒரு அணி ஒரே வளையத்தில்தான் எறியும். பிறகு பக்கம் மாறும். இன்று மாறவில்லை. மழை. தெற்குப் பெண்கள் எறிந்தது எல்லாம் கிழக்கு வளையத்தில்.

சித்திரையில் அந்தப் பக்கத்துத் தரை வெடித்திருந்தது. மேல்பூச்சுப் போட்டார்கள். மூன்று விரல் கனம். தரையைத் தூக்கினார்கள். கம்பத்தைத் தூக்கவில்லை. வளையம் மூன்று விரல் தாழ்ந்துபோயிற்று. பழகிய கை பழைய உயரத்துக்குத்தான் எறியும்.

பேனா காகிதத்தில் படப் போனது.

உள்ளே போனேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மேடம், கெழக்கு வளையம் மூணு வெரல் கொறச்சல்."

நஞ்சப்பன் சார் சிரித்தார். "பெரியவருக்கு எந்த ஊருங்க? தெக்கயா?"

"அளவுக்கு ஊர் ஏது சார்."

மேடம் சிரிக்கவில்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை உருவினார். என் முன்னே திருப்பி வைத்தார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"ஆமா."

"ரெண்டு வளையமும் பத்தடி, அளந்து பார்த்தாச்சுன்னு இருக்கு."

இருக்கும். ஆபீஸில் எழுதினார்கள். நான் போட்டேன்.

"கோல்ல மூணு வெரல் வெட்டிட்டுத்தான் மேடம் அளந்தேன்."



"பத்தடி மூங்கில். வளையத்துக்குக் கீழ நேரா நிக்க மாட்டேன்னுச்சு. ஆபீஸ்ல போய்ச் சொன்னேன். கம்பத்தைத் தூக்க ஆள் வர மாசமாகும், கோலை வெட்டுய்யான்னாங்க. வெட்டுனேன்."

ஆவுடையப்பன் சார் எழுந்தார். இனி மேசையில் தட்டிப் பேசுவார் என்று நினைத்தேன். அவருடைய மண்டலத்துப் பெண்.

"நாலு நாள் ஆட்டமும் இங்கதான நடந்திருக்கு. வளையம் தப்புன்னு எழுதுனா ஒண்ணும் செல்லாது வே. பதினோரு பேரும் போச்சு. எங்க பிள்ளைங்க அஞ்சு அதுல கெடக்கு."

"மத்த ஆட்டமெல்லாம் பக்கம் மாறி ஆடுனது சார்" என்றேன். "ரெண்டு அணிக்கும் ஒரே நட்டம். இன்னைக்கு மட்டும்தான்..."

"அதெல்லாம் யாரு கேப்பாங்க?" நஞ்சப்பன் சார் ஆவுடையப்பன் சாரின் தோளில் கை வைத்தார். "நீங்க சொல்றதுதானுங்க சரி."

அதுவரை இரண்டு மண்டலம். இப்போது ஒன்று.

மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெரியவரே, இது வெளியில யாருக்காவது தெரியுமா?"

ஜன்னல் வழியே பார்த்தேன். அவள் எறிந்தாள். பந்து தண்ணீரில் விழுந்து உருண்டது. எடுக்கப் போகவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரியும்" என்றேன்.

"யாருக்கு?"

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். வராந்தா. அதைத் தாண்டிக் கம்பி வேலி. அவளிடம் போய்ச் சொல்ல இன்னும் அறுபது தப்படி இருக்கும்.

பின்னால் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

ஓடினேன்.