டாப்பெட் சத்தம்

வேலையிலிருந்து வந்த கையோடு டாப்பெட் மூடியைக் கழற்றினேன். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது. விரல் பட்ட இடமெல்லாம் சுட்டது.

சூடான இன்ஜினில் டாப்பெட்டைத் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரியாதது இல்லை. இருபத்திரண்டு வருடமாக லேத் ஓட்டுகிறவன். ஆனால் ஆறும்வரை காத்திருக்க முடியாது. அம்மா வாயில் சோறு போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

மோட்டார் சைக்கிள் அண்ணனுடையது. முப்பது வருடக் கிழடு. வால்வுக்கும் அதைத் தட்டித் திறக்கிற டாப்பெட்டுக்கும் நடுவே விரல் நகத்தின் கனம்கூட இல்லாத ஓர் இடைவெளி இருக்க வேண்டும். அண்ணன் வண்டியில் அது கூடிப்போய், இன்ஜின் எந்நேரமும் அடித்துக்கொள்ளும். அவன் தெருமுனையில் திரும்பும்போதே வீட்டில் தட்டை வைத்துவிடலாம். சரி செய்யடா என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். சிரிப்பானே தவிர ஸ்பானரை எடுக்க மாட்டான்.

போன வருடம் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னோம். மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். பிறகு காய்ச்சலில் விழுந்தாள். எழுந்தபோது நினைவு தாறுமாறாகியிருந்தது. கண்ணும் மங்கல். பெரியவன் போனதையே மறந்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் பேசிக்கொண்டோம்.

சாப்பிடவும் மறுத்தாள். ஒருநாள் அவசரத்துக்கு அண்ணன் வண்டியை எடுத்துப் போய்த் திரும்பினேன். சத்தம் கேட்டதும் பெரியவனே என்று கூப்பிட்டு, எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்தாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நான்தான் அண்ணன். எங்கள் இருவருக்கும் ஒரே குரல். அவன் அதிகம் பேசுகிற ஆளும் இல்லை, அது என் அதிர்ஷ்டம். ‘உம்’ கொட்டியே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன்.

அந்த ஒரு வருடத்தில் அவள் என்னைப் பற்றி ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. சின்னவன் எங்கே, வேலைக்குப் போகிறானா, சாப்பிட்டானா, ஒரு வார்த்தை கிடையாது. குளிப்பாட்டுவது என் மனைவி, மருந்து வாங்குவது நான், பேர் மட்டும் அவனுக்கு. பொறாமையாக இருந்தது. செத்தவன் மேல் பொறாமைப்பட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அந்தச் சத்தத்தை நிறுத்த உட்கார்ந்துவிட்டேன். பின்சக்கரத்தைச் சுற்றி பிஸ்டனை மேலே கொண்டுவந்து, நட்டைத் தளர்த்தி, அளவு பார்க்கும் கேஜின் மெல்லிய தகட்டை இடைவெளியில் நுழைத்து, லேசாக இழுபடும்வரை திருகைத் திருப்பினேன். வண்டி புதுசு மாதிரி ஓடியது. இனிமேல் இதில் வருகிறவன் சின்னவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் தட்டோடு போய், அம்மா, சின்னவன் வந்திருக்கிறேன் என்றேன். அவள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். உள்ளே அழுவது தெரிந்தது. அவ்வளவு வேண்டாதவனாகிவிட்டேனா என்று தட்டை நங்கென்று வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நேற்று வந்த டாக்டர், நாளைக்குள் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் போட வேண்டும், இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று தெரியவில்லை என்றார்.

ஆக, சத்தம் வேண்டும். ஏதோ ஒரு சத்தம் போதாது, அதே சத்தம்.

எதையும் தளர்த்துவதற்கு முன் இருக்கிற அளவை எழுதிக்கொள் என்று பட்டறையில் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். அண்ணன் வண்டியில் இருந்த இடைவெளியை நான் அளக்கவே இல்லை. கோபத்தில் நேராகத் திருகிவிட்டேன்.

இப்போது கேஜுக்கு வேலை இல்லை, காதை நம்பித்தான் ஆக வேண்டும். திருகைக் கொஞ்சம் தளர்த்தி, மூடியை மாட்டி, தெருமுனைவரை போய்த் திரும்பி வந்தேன். அம்மாவின் ஜன்னலில் நின்ற என் மனைவி இல்லை என்று கையசைத்தாள்.

இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். அடி பலமாகத்தான் கேட்டது, ஆனால் அது வேறு யாருடைய வண்டியோ. எனக்கே தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

மூன்றாவது முறை ஸ்பானர் வழுக்கி உள்ளங்கை சிலிண்டரில் அழுந்தியது. கொப்பளித்துவிட்டது. கையை உதறிக்கொண்டு நின்றபோதுதான் ஞாபகம் வந்தது. அண்ணன் வண்டியில் இரண்டு வால்வும் ஒரே மாதிரி அடிக்காது. ஒன்று பெரிதாக அடிக்கும், இன்னொன்று அதற்குப் பின்னால் சின்னதாக. ஒன்றைக் கூட்டி, ஒன்றைக் குறைத்தேன்.

தெருமுனையில் திரும்பினேன். டக், டிக். டக், டிக். அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்று வராத அழுகை அப்போது வந்தது.

ஜன்னலில் மனைவியைக் காணோம். தட்டை எடுக்க ஓடியிருந்தாள்.

அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். முதல் வாயை விழுங்கினாள். இரண்டாவது வாயும் உள்ளே போனது. எனக்கு உயிர் வந்தது. நீயே இருந்துவிட்டுப் போ என்று அண்ணனிடம் மனதுக்குள் சொன்னேன், பாதி மனதோடுதான்.

மூன்றாவது வாய்க்கு முன்னால் அம்மா என் கையைப் பிடித்தாள். கொப்பளத்தின் மேலேயே பிடித்தாள்.

“எங்கடா போயிட்ட இத்தன நாளா? சின்னவனை மண்ணுக்கு வாரிக் குடுத்துட்டு உக்காந்திருக்கேன். வண்டிச் சத்தம் கேட்டு, நீயாவது வீடு வந்துட்டன்னு தெரிஞ்சாத்தானடா எனக்கு சோறு இறங்கும்?”

வாயைத் திறந்தாள். ஊட்டினேன்.