ஆறாவது வித்தியாசம்

மூன்றாவது புத்தகத்தையும் மூடி வைத்தாள்.

அட்டையில் இலவசப் பம்பரம் ஒட்டியிருந்தது. உள்ளே அந்தப் பம்பரம் அளவுக்குக்கூட விஷயம் இல்லை.

அதற்கு முன் பார்த்தது முழுக்கப் பொது அறிவு. உலகிலேயே நீளமான பாலம். உலகிலேயே ஆழமான கிணறு. காய்ச்சலில் கிடந்து தேறிய பிள்ளைக்குப் பாலத்தின் நீளம் எதற்கு?

முதலில் எடுத்ததில் கதைகள் இருந்தன. ஒவ்வொரு கதையின் முடிவிலும் ஒரு பெரியவர் வந்து, "ஆகவே குழந்தைகளே" என்று ஆரம்பித்தார். அவரை வீட்டுக்குள் விட அவளுக்கு மனமில்லை.

"யக்கா, வாங்குதியளா, இல்ல இங்கனயே படிச்சு முடிச்சிருவியளா?" என்றான் பஸ் ஸ்டாண்டு புத்தகக் கடைக்காரன்.

காதில் விழாததுபோல நான்காவதை நடுவில் பிரித்தாள்.

எப்போதும் அப்படித்தான். நடுவில் ஒரு பத்தி படிப்பாள். பக்கத்தைத் திருப்பத் தோன்றினால் வாங்குவாள்.

ஒரு தவளை, தபால்காரருக்கு உடம்பு சரியில்லையென்று தானே கடிதம் கொடுக்கக் கிளம்பியிருந்தது. முதல் வீட்டு வாசலில் நாய்.

திருப்பினாள்.

பஸ் உறுமியது. காசை வைத்துவிட்டு ஓடினாள்.

புத்தகம் கோமதிக்கு. ஏழு வயது மகள். காய்ச்சல் விட்டால் மொட்டை போடுவதாகத் திருச்செந்தூருக்கு நேர்ந்துகொண்டது இவள். காய்ச்சல் விட்டது. மொட்டை விழுந்தது கோமதிக்கு.

அன்றிலிருந்து பிள்ளை வாசலைத் தாண்டவில்லை.

எந்நேரமும் தலையில் துண்டு. விளையாடக் கூப்பிட யாராவது வந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. துண்டோடு எப்படி அனுப்புவது?

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தவளையைத் தேடிப் பிரித்தாள். வேறு பக்கம் வந்தது.

ஆறு வித்தியாசங்கள்.

குரங்கு ஒன்று சலூன் வைத்திருக்கிறது. நாற்காலியில் சிங்கம். பிடரி பாதி தரையில். பெஞ்சில் ஓர் எலி, தன் முறைக்காகக் காத்திருக்கிறது.

கத்தரிக்கோல். கண்ணாடி. காலண்டர். மூன்றும் மளமளவென்று அகப்பட்டன.

"சிங்கத்துக்கு வாலு மாறுதுல்லா?"

பின் சீட்டிலிருந்து குரல். விற்காத சின்ன வெங்காயத்தை மூட்டையாகக் கட்டித் தினமும் இதே வண்டியில் ஊர் திரும்புகிறவர். முகம் தெரியும். பேசியதில்லை.

கண்டக்டரும் தலையை நீட்டினார்.

"சீப்பு! சீப்புல பல்லு கொறையுது, நல்லாப் பாருங்க."

விசில் கொடுக்க மறந்தேபோனார். பஸ் ஒரு ஸ்டாப்பில் நின்றுகொண்டே இருந்தது. டிரைவர் திரும்பி முறைத்தார்.

ஆறாவது மட்டும் அகப்படவில்லை. புத்தகம் கடைசி சீட்டுவரை போய் வந்தது. ஓரம் சுருண்டது. யாரோ கடலை தின்ற கையோடு தொட்டிருந்தார்கள்.

விடை அடுத்த இதழில் என்று அடியில் போட்டிருந்தது.

"இது அநியாயம்லா?" என்றார் வெங்காயக்காரர். அவள் இறங்கும்போதும் விடவில்லை. "கண்டுபிடிச்சா சொல்லிருங்கம்மா. எனக்கு ஒறக்கம் வராது."

சிரித்துக்கொண்டே இறங்கினாள். தெருமுனை வந்தபோதுதான் உறைத்தது.

மொட்டைத் தலையை மூடிக்கொண்டு அழுகிற பிள்ளைக்கு, முடிவெட்டுகிற படம்.

என்ன அம்மா நான், என்று இருந்தது.

அந்தத் தாளைக் கிழித்துவிடலாம். ஓரத்தைப் பிடித்தும்விட்டாள். பின்பக்கத்தைப் பார்த்தாள். தவளை கடைசி வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது.

கிழித்தால் தவளை கடிதத்தைக் கொடுக்காமலே போய்விடும்.

கையை எடுத்துவிட்டாள்.

கோமதி புத்தகத்தை வாங்கி முதலில் மோந்து பார்த்தாள்.

"வெங்காய வாசம் அடிக்கு."

பயத்தில் இவளுக்கு வாய் நிற்கவில்லை. வெங்காயக்காரர், கண்டக்டர், நின்றுபோன பஸ், முறைத்த டிரைவர் எல்லாவற்றையும் கொட்டினாள். ஆறாவது கிடைக்காததையும் சொன்னாள். என்ன படம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அடுப்படிக்குப் போய் ஒரு காதை மட்டும் வெளியே விட்டுவைத்தாள்.

தாள் திரும்பும் சத்தம். இன்னொன்று. இன்னொன்று.

பிறகு சத்தமே இல்லை.

ரொம்ப நேரமாகவே இல்லை.

அவ்வளவுதான், அழப்போகிறாள், என்று கரண்டியை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

கோமதி குப்புறப் படுத்திருந்தாள். குனிந்த வேகத்தில் துண்டு நழுவித் தரையில் கிடந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. விரல் படத்தின் மூலையில் இருந்தது.

"யம்மா, எலிக்கும் மொட்ட!"

ஓடிப்போய்ப் பார்த்தாள். ஒரு படத்தில் எலியின் உச்சியில் கொஞ்சம் முடி. இன்னொன்றில் வழுவழுவென்று இருந்தது.

பஸ் மொத்தமும் சிங்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த எலியை யாரும் சீண்டவில்லை.

"எத்தன பேரு பாத்தீங்க?"

"வண்டி பூராவும் பாத்தோம் தாயி."

"ஒருத்தருக்குமா தெரியல?"

"ஒருத்தருக்கும் தெரியல."

கோமதிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மொட்டைத் தலை குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான்.

புத்தகத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு பிள்ளை கொஞ்சம் யோசித்தது.

"அந்த வெங்காய மாமா நாளைக்கும் அந்த பஸ்ல வருவாராம்மா?"

"வருவாரு."

"நீ சொல்லிராத. நான்தான் சொல்லுவேன்."

அவள் தரையில் கிடந்த துண்டை எடுத்துப்போய் அலசினாள். கொடியில் போட்டாள்.