முதலாவதா, இரண்டாவதா?

“முதலாவது தெளிவா இருக்கா, இரண்டாவதா?”

“நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதாங்க.”

எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தில் மாட்டியிருந்த சோதனை பிரேமில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்த கண் பரிசோதகர், கையிலிருந்த லென்ஸைக் கீழே வைத்தார். “நான் எதுவும் சொல்லலையேம்மா. பார்க்கிறது உங்க கண்ணு.”

“அப்ப... இரண்டாவது.” அவள் எழுத்துப் பலகையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தாள். அவருடைய புருவம் லேசாக உயர்ந்தது. “இல்லைங்க, முதலாவது,” என்றாள் உடனே.

சுவரோரம் உட்கார்ந்திருந்த நாத்தனார் சிரித்துவிட்டாள். வாய் ஓயாததால் வீட்டில் அவளுக்கு வானொலி என்று பெயர். “அண்ணி எப்பவும் இப்படித்தான் சார். கடிக்கிற செருப்பைக்கூட, கடைக்காரர் முகம் வாடக் கூடாதுன்னு வாங்கிட்டு வந்துடுவாங்க. வீட்டுல அப்படி ஆறு ஜோடி கிடக்கு.”

“அஞ்சு,” என்றாள் அவள். பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, “ஆறாவும் இருக்கலாம்,” என்றாள்.

சிரித்தாலும் நாத்தனாருக்கு உள்ளுக்குள் கவலைதான். அண்ணி பள்ளி வேன் ஓட்டுகிறவள். சின்ன வயதிலேயே கண்ணாடி போட்டவள்; கடந்த மூன்று வருடத்தில் மூன்று கடைகளில் கண்ணாடியின் பவரைக் கூட்டியாகிவிட்டது; கூடவே தலைவலியும் கூடியது. போன மாதம் இரண்டு முறை, பிள்ளைகளோடு வேனை ஓரமாக நிறுத்திவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டாள். பார்வை சரியாக இருக்கிறது என்று இன்று மாலைக்குள் சான்றிதழ் தர வேண்டும், இல்லாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டும் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். அந்த வேனும் அதிலுள்ள இருபத்திரண்டு வாண்டுகளும்தான் அவளுக்கு உயிர்.

பரிசோதகர் மறுபடியும் இரண்டு முறை லென்ஸ் மாற்றினார். “இப்ப?”

“இரண்டாவதுதாங்க. பிரமாதம்.”

“ரெண்டு தடவையும் ஒரே லென்ஸைத்தான்மா போட்டேன்.”

அவள் முகம் வெளுத்தது. தோள்கள் காதுவரை ஏறின. “மன்னிச்சிடுங்க. உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்.”

அவர் அந்தத் தோள்களைக் கவனித்தார். ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு, அவளைவிடத் தாழ்வாக உட்கார்ந்தார்.

“நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலை. நான்தான் விளையாட்டுக் காட்டினேன். ஒண்ணு கேட்கட்டுமா? சின்ன வயசுல வீட்டுல யாருக்குக் கோபம் அதிகம்?”

வானொலி நின்றுபோயிற்று.

“அப்பாவுக்கு,” என்றாள் அவள். “கதவைத் திறக்கிற சத்தத்துலயே அன்னைக்கு எப்படின்னு தெரிஞ்சுடும். அவர் என்ன பதிலை எதிர்பார்க்கிறார்னு முன்னாடியே கண்டுபிடிச்சுட்டா அடி விழாது.”

“கெட்டிக்காரக் குழந்தை. இது அசட்டுத்தனம் இல்லம்மா. பயந்துபோன நரம்பு கத்துக்கிட்ட வழி. நீங்க யோசிக்கிறதுக்குள்ள உடம்பு ‘சரி’ன்னு சொல்லிடும். அந்தக் குழந்தையைக் காப்பாத்த ஆண்டவன் அனுப்பின காவல்காரன்னு வெச்சுக்குங்க. அவனைத் திட்டாதீங்க. ஆபத்து போயிடுச்சுன்னு அவனுக்கு யாரும் சொல்லலை, அவ்வளவுதான்.”

“உங்களுக்கு எப்படிங்க இதெல்லாம்...”

“என் மனைவியும் உங்க கட்சிதான். நான் பாடுறது சகிக்கலைன்னு சொல்ல அவளுக்கு ஒன்பது வருஷமாச்சு. அவ அதைச் சொன்ன அன்னைக்கு எங்க வீட்டுல ஒரே கொண்டாட்டம்.”

அவள் தன்னை மறந்து சிரித்தாள். தோள்கள் மெல்ல இறங்கின.

“இப்ப நான் உங்க பின்னால நின்னு லென்ஸ் மாத்துவேன். என் முகம் தெரியாது. இந்த அறையில தப்பான பதில்னு ஒண்ணும் கிடையாது.”

“நானும் திரும்பிக்கறேன் அண்ணி,” என்று நாத்தனார் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

“உங்க பழைய பவர்லேருந்தே ஆரம்பிக்கலாம். இது எப்படி?”

அவள் முதல்முறையாகப் பலகையையே உற்றுப் பார்த்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை.

“சகிக்கலைங்க,” என்றாள் அவள், மிக மெல்லிய குரலில்.

“அருமை. இது?”

“கொஞ்சம் தேவலை. ஆனா தலையைப் பிடிச்சு இழுக்குது.”

“இது?”

“பொறுங்க, பார்த்துச் சொல்றேன்.” சொன்ன பிறகுதான் ‘பொறுங்க’ என்று தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. வானம் இடிந்து விழவில்லை. “இது இன்னும் தேவலை.”

‘க்ளிக்’ என்று மறுபடி ஒரு சத்தம். “சரி, இது?”

அவள் பலகையின் கடைசி வரியை, அந்த எறும்பு எழுத்துகளை, மளமளவென்று படித்து முடித்தாள்.

“இதுதாங்க. பளிச்சுனு இருக்கு. இனிமே எதையும் மாத்தாதீங்க.”

“சார், அண்ணி ஆர்டர் போடறாங்க,” என்றாள் நாத்தனார் சுவரைப் பார்த்தபடியே.

பரிசோதகர் முன்னால் வந்தார். சான்றிதழை எழுதிக் கையெழுத்திட்டு, அவள் கையில் கொடுத்தார். “தைரியமா வேன் ஓட்டுங்க.”

அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. “எனக்கு இதே லென்ஸ்தாங்க வேணும். இது எவ்வளவு பவர்?”

“தொட்டுத்தான் பாருங்களேன்.”

முகத்திலிருந்த அந்தச் சோதனை பிரேமின் வட்டத்துக்குள் அவள் தயங்கித் தயங்கி விரலை வைத்தாள். விரல் எதிலும் இடிக்காமல் நேரே உள்ளே போய், இருபத்தைந்து வருடமாகக் கண்ணாடிக்குப் பின்னாலேயே இருந்த அவளுடைய இமையைத் தொட்டது.