பக்கத்துக் கட்டில்

புற்றுநோய்ப் பதிவேட்டு அலுவலகத்தில் ஜெசிந்தாவுக்கு ஒரே வேலைதான். இரைப்பைப் புற்றுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களை வருடத்துக்கு ஒருமுறை போனில் அழைத்து, உயிரோடு இருக்கிறார்களா என்று குறித்துக்கொள்ள வேண்டும். அதை எந்த வாயால் நேராகக் கேட்பது? "சாப்பாடு இறங்குதா ஐயா?" என்றுதான் ஆரம்பிப்பாள்.

அவர்களில் ஒருவரான ஆவுடையப்பன் தன்னைப் பற்றி ஒரு வரி சொல்லிவிட்டு, "ஆஸ்பத்திரில எனக்குப் பக்கத்துக் கட்டில்ல கிடந்த மைதீன் பாய் எப்படி இருக்காரு?" என்று வருடம் தவறாமல் கேட்பார்.

மைதீன் இரண்டாம் வருடமே போய்விட்டார்.

"நல்லா இருக்காரு ஐயா."

"அப்ப நானும் இருந்துருவேன்" என்று சிரிப்பார்.

ஐந்தாம் வருடம் போனை அவர் மகள் எடுத்தாள். "அப்பா தை மாசம் தவறிட்டாங்க மேடம்."

ஜெசிந்தா பேனாவைத் திறந்தாள். மகள் போனை வைக்காமல் தயங்கினாள்.

"நீங்க கூப்பிட்டா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. மைதீன் பாய் விசாரிச்சார்னா, அப்பா நல்லா இருக்காங்கன்னே சொல்லணுமாம். இல்லேன்னா அவரு மனசு விட்டுருவாராம்."

பேனா தாளைத் தொடாமல் நின்றது.

"சொல்லிடுறேம்மா" என்றாள் ஜெசிந்தா.