டாக்டர் சாரைப்பாம்பு கருத்துக் கேட்டார்

புதருக்குள் மனநல மருத்துவமனை நடத்திவந்தார் டாக்டர் சாரைப்பாம்பு. நர்ஸ் ஓணான். டாக்டர் எது சொன்னாலும் தலையை மேலும் கீழும் ஆட்டினால் பிழைப்பு ஓடிவிடும் என்று அதற்குத் தெரியும்.

ஒருநாள் டாக்டர், "சிகிச்சையை மேம்படுத்தப் போறோம். நோயாளிங்க, ஊழியருங்க எல்லாரும் மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்றார்.

ஓணான் தலையாட்டியது.

நடுக்கத்துக்கு அங்கே சிகிச்சை பெற்றுவந்த தவளை தொண்டையைச் செருமியது. "வீட்டுல நடுக்கமே இல்ல டாக்டர். இங்க நீங்க நாக்கை நீட்டும்போதுதான் வருது."

"அருமையான கருத்து! அப்போ நோய் இங்கதான் பிடிபடுது. இனிமே வீட்டுக்கே போகாதே, இங்கேயே தங்கிடு."

தவளை ஓணானைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஓணானின் தலை பக்கவாட்டில் ஆடியது.

"அடடா, உனக்கும் நடுக்கம் தொத்திருச்சே!" டாக்டர் பரிவோடு நெருங்கினார். "பக்கத்துப் படுக்கை காலியாத்தான் இருக்கு."