எரியாத விளக்கு

"இந்த வண்டி வேண்டாம். கிளம்பு, போகலாம்."

பழைய கார் விற்கும் இடத்தின் கேட்டைத் தாண்டி நாலு அடி கூட வைக்கவில்லை, அதற்குள் அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டான். தங்கைக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"பானெட்டைக் கூடத் திறக்கலை. பார்க்காமலே வேண்டாம்னா என்ன அர்த்தம்?"

"வேண்டாம்னா வேண்டாம். வேற வண்டி நான் பார்த்துத் தர்றேன்."

"இதைத்தான் ஒரு வருஷமாச் சொல்லிட்டிருக்கே!"

படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீடு வீடாகப் போய்க் கட்டு மாற்றி, ஊசி போடும் நர்ஸ் அவள். காலையில் மகளை ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்தி, மகனைப் பின்னால் உட்கார வைத்து, பள்ளியில் இறக்கிவிட்டுத்தான் முதல் வீட்டுக்குப் போவாள். போன மழையில் ஸ்கூட்டர் சறுக்கி மகளுக்கு முழங்கையில் ஏழு தையல். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பழசோ கிழசோ, சின்னதாக ஒரு கார்.

அலைந்து அலைந்து கால் தேய்ந்த பிறகு கிடைத்தது இந்த வெள்ளைக் கார். சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன் ஒரு தடவை பார்த்துத் தலையாட்டினால் போதும் என்று அழைத்து வந்தால், அவன் இப்படி வந்த காலோடு திரும்பச் சொல்கிறான்.

கார் புரோக்கர் சாவியோடு ஓடி வந்தார். அண்ணனைப் பார்த்ததும் அவர் சிரிப்பு பாதியில் நின்றுபோனது. கூட ஒரு மெக்கானிக் வந்தால் எந்தப் புரோக்கருக்குத்தான் பிடிக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ஒரே ஓனர் மேடம். ஒரு கீறல் கிடையாது..."

"வாயை மூடுய்யா!" என்றான் அண்ணன்.

"அவரை ஏன் அதட்டுறே? எனக்குக் காரணம் சொல்லு. இல்லைன்னா இப்பவே கையெழுத்துப் போட்டு ஓட்டிட்டுப் போயிடுவேன். போன வாரமே பிள்ளைங்களைக் கூட்டிட்டு வந்து காட்டியாச்சு. யார் முன்னாடி உட்கார்றதுன்னு வீட்டுல தினம் சண்டை."

அண்ணனின் முகம் சிவந்தது. விடுவிடுவென்று போய் பானெட்டைத் தூக்கினான்.

"இந்தப் போல்ட்டைப் பார். தலையில பெயின்ட் பேர்ந்திருக்கு. ஸ்பேனர் போட்டுக் கழட்டியிருக்காங்க. முன்பக்கம் மொத்தமும் மாத்தினது."

"பழைய வண்டின்னா நாலு இடத்துல கழட்டி மாட்டியிருக்க மாட்டாங்களா?"

அவன் பின்பக்கம் போனான். டிக்கியைத் திறந்து விரிப்பை உரித்துப் போட்டான். ஸ்டெப்னி டயருக்கு அடியில், தகரத்தின் குறுக்கே, வெல்டிங் வைத்த கோடு ஒன்று தழும்பு மாதிரி ஓடியது.

"ரெண்டு வண்டியை வெட்டி ஒட்டினது இது. முன்பாதி ஒண்ணு, பின்பாதி ஒண்ணு."

அவள் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். இருந்தாலும் விட்டுக்கொடுக்க மனமில்லை. புரோக்கர் கையிலிருந்த சாவியை வாங்கி, டிரைவர் சீட்டில் ஏறி, சாவியைத் திருப்பினாள்.

"எஞ்சின் எவ்வளவு அமைதியா இருக்கு பாரு! ஒரு எச்சரிக்கை விளக்கு கூட எரியலை."

"எரியலைங்கிறதுதான் பயமே!" அண்ணன் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "சாவியைத் திருப்பினதும் ஏர்பேக் விளக்கு ஒரு தடவை எரிஞ்சு அணையணும். எரியவே இல்லைன்னா வயரை வெட்டியிருக்காங்கன்னு அர்த்தம். ஏன் வெட்டினாங்க? உள்ளே ஏர்பேக்கே கிடையாது. விபத்துல வெடிச்சுப் போச்சு. பிள்ளையை முன்னாடி உட்கார வச்சு எங்கேயாவது முட்டினேன்னு வை, விரிஞ்சு வந்து தாங்க எதுவுமே இருக்காது!"

அவள் கை தானாக ஸ்டியரிங்கை விட்டது. மகனா, மகளா, யார் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். நினைக்கவே முடியவில்லை. இறங்கினாள். இப்போது அவள் கோபம் முழுக்கப் புரோக்கர் மேல் திரும்பியது.

"நீயெல்லாம் மனுஷனாய்யா? பிள்ளைங்களைக் கண்ணால பார்த்துட்டுத்தானே விலை பேசினே? உனக்குப் பிள்ளைக்குட்டி இல்லையா?"

"மேடம், கொஞ்சம் மெதுவா..."

"எதுக்கு மெதுவா? ஊரே கேட்கட்டும்!" என்று அண்ணனும் சேர்ந்துகொண்டான். "கொலைகாரப் பயலே! ஸ்டியரிங் மூடிக்கு உள்ளே பழைய பச்சைப் போர்வையைச் சுருட்டித் திணிச்சு, மேலே பசை போட்டு ஒட்டிட்டு, ஒரே ஓனராம்! உன்னைச் சும்மா விடக் கூடாது!"

அவள் ஸ்டியரிங்கைத் திரும்பிப் பார்த்தாள். மூடி மூடியபடியே இருந்தது.

"அண்ணா, அதைத் திறக்கவே இல்லையே. உள்ளே இருக்கிற போர்வை பச்சைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

புரோக்கர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். வாங்கிக் கட்டிக்கொண்டதெல்லாம் அவர் குரலில் திரண்டு வந்தது.

"அதை அவர்கிட்டயே இன்னொரு தடவை கேளுங்க மேடம், நல்லாக் கேளுங்க. சப்பையா நசுங்கிக் கிடந்த இந்த வண்டியை ஒட்டுப் போட்டு, வயரை வெட்டி, போர்வையைத் திணிச்சு, 'யாராலயும் கண்டுபிடிக்க முடியாது'ன்னு என் கையில கொடுத்ததே உங்க அண்ணன்தான்."

அண்ணன் காரிலிருந்து சாவியை உருவினான். தங்கையிடம் மெல்லச் சொன்னான்:

"உன் பிள்ளைங்க ஏறப்போற வண்டின்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா."